எடை ஏறாத குழந்தையும் சோதனைகளும்: தராசு, திசு ஆய்வு, வியர்வை – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

கைக்குழந்தை உரிய அளவில் எடை கூடாதிருத்தல் பழங்காலந்தொட்டு அறியப்பட்ட ஒன்று. அதை எண்ணால் அளந்து, காரணம் தேடி, உடலுக்குள் கருவி செலுத்திச் சோதிக்கும் வழக்கம் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் உருவானது. பாரிசின் குழந்தை நல ஆலோசனைகள், சீலியாக் நோய்க்கான குடல் திசு ஆய்வு, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய்க்கான வியர்வைச் சோதனை, வளர்ச்சி வரைபடங்கள் ஆகியவற்றின் வழியாக அவ்வழக்கம் உருவான விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. சோதனைகளின் வரலாற்றில் தாயின் சொல் பெற்ற இடமும் இழந்த இடமும் சிறப்பாக நோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சவலை, குழந்தை எடை, சீலியாக் நோய், வியர்வைச் சோதனை, வளர்ச்சி வரைபடம், மருத்துவ வரலாறு

முன்னுரை

‘சவலை’ என்னும் தமிழ்ச்சொல் ஒரு நோயின் பெயர் மட்டுமன்று. அதன் காரணத்தையும் உள்ளடக்கியது. அடுத்த குழந்தை வயிற்றில் வந்துவிட்டதாலோ பிறந்துவிட்டதாலோ தாய்ப்பால் இழந்து மெலியும் பிள்ளையே சவலைப்பிள்ளை. அவ்வாறு மெலிதலைச் ‘சவலை பாய்தல்’ என்பர். 1930களில் மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட் பகுதியில் (இன்றைய கானா) பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், வீங்கிய கால்களும் நிறம் மாறிய முடியும் கொண்ட குழந்தைகளைக் கண்டு 1933இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1935இல் அந்நோய்க்கு அவ்வூர் மக்களின் கா மொழியில் வழங்கிய பெயரையே சூட்டினார். ‘குவாஷியோர்கர்’ என்னும் அப்பெயர், புதுக்குழந்தை வந்ததும் மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்னும் பொருளுடையது. ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு மொழிகள் ஒரே காட்சியைக் கண்டு ஒரே விதமாகப் பெயரிட்டுள்ளன. நோய்க்குறிகள் முற்றிலும் ஒன்றல்ல. சவலை மெலிவைக் குறிக்க, குவாஷியோர்கர் வீக்கத்தோடு கூடியது. எனினும் இரண்டிலும் காரணத்தை முதலில் கண்டவர்கள் வீட்டுப் பெண்களே என்பது கருதத்தக்கது.

தமிழ் மருத்துவ மரபில் பாலவாகடம் எனப்படும் குழந்தை மருத்துவ நூல்கள் கணம், மாந்தம், தோஷம் முதலிய வகைகளாகக் குழந்தை நோய்களைப் பகுத்துரைக்கின்றன. அவற்றில் மருத்துவர் நோக்குவன மலத்தின் நிறம், வயிற்றின் உப்பல், தோலின் சுருக்கம், அழுகையின் தன்மை, தாயின் உணவு ஆகியன. தராசு அங்கே இல்லை. மெலிந்த குழந்தையைத் தூக்கிப் பார்த்த கையே தராசு.

பாரிசின் தராசு

பிறந்த குழந்தைகளை முறையாக நிறுத்துப் பதிவு செய்யும் முயற்சிகள் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவில் தொடங்கின. தனிக்குழந்தையின் நலத்தை அறிய அவை பயன்பட்டன எனக் கூறவியலாது. மனித உடலின் சராசரியை அறிவதே பெரும்பாலும் நோக்கம். பெல்ஜியத்தின் கேத்தலே 1835இல் வெளியிட்ட நூலும் அத்தகையதே. 1852இல் பாரிசு மருத்துவர் நத்தாலி கியோ, பால் குடிக்கும் முன்னும் பின்னும் குழந்தையை நிறுத்து, குடித்த பாலின் அளவைக் கணக்கிடும் முறையை முன்வைத்தார். கண்ணுக்குத் தெரியாத தாய்ப்பால் அன்றுமுதல் எண்ணாக மாறியது. ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் குழந்தை குடிக்கும் அளவு மிகவும் வேறுபடும் என்பதால், ஒற்றை வேளைக் கணக்கைக் கொண்டு ‘பால் போதவில்லை’ எனத் தீர்ப்புக் கூறுவது பிழை. ஆயினும் அத்தீர்ப்பு பல தலைமுறைகளாகக் கூறப்பட்டு வந்தது.

தராசைக் குழந்தை மருத்துவத்தின் அன்றாடக் கருவியாக்கியவர் பியேர் புதேன். 1870–71 போரில் தோற்ற பிரான்சில், மக்கள்தொகை குறைகிறது என்னும் அச்சம் அரசியலாகவே மாறியிருந்தது. கோடைகால வயிற்றுப்போக்கில் குழந்தைகள் கூட்டங்கூட்டமாக இறந்தன. மகப்பேறு மருத்துவமனையில் நலமுடன் பிறந்து வீடு சென்ற குழந்தைகள் சில மாதங்களில் மறைவதைக் கண்ட புதேன், 1892இல் பாரிசின் ஷாரித்தே மருத்துவமனையில் கைக்குழந்தை ஆலோசனையைத் தொடங்கினார். தாய்மார் குழந்தைகளோடு குறித்த நாளில் வந்தனர், குழந்தை நிறுக்கப்பட்டது, எடை அட்டையில் பதியப்பட்டது, தாய்ப்பாலே வலியுறுத்தப்பட்டது, அது போதாவிடில் கொதிக்கவைத்துக் கிருமி நீக்கிய பசும்பால் வழங்கப்பட்டது. 1894இல் லெயோன் துஃபூர் ஃபெக்காம் என்னும் கடற்கரை ஊரில் ‘பால் துளி’ என்னும் பெயரில் இதுபோன்ற நிலையத்தை நிறுவினார். அப்பெயரிலான நிலையங்கள் பின்னர்ப் பல நாடுகளில் தோன்றின.

இன்றைய ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் குழந்தையைத் தராசில் இடும் செயலின் நேர் மூதாதை இதுவே. மருத்துவர் நோயுற்ற குழந்தையை மட்டும் பார்த்த காலம் மாறி, நலமாக இருக்கும் குழந்தையையும் வாரந்தோறும் ஐயுற்று நோக்கும் காலம் வந்தது. பல உயிர்கள் இதனால் காக்கப்பட்டன. தராசின் முள் நகராத நாளில் தாய் கொள்ளும் கலக்கமும் இதனோடேயே பிறந்தது.

குற்றம் சாட்டப்பட்ட தாய்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவமனைகளில் ஒரு புதிர் நிலவியது. அனாதை இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் நெடுநாள் வைக்கப்பட்ட கைக்குழந்தைகள், உணவும் தூய்மையும் இருந்தும், எடை குன்றி இறந்தன. நியூயார்க்கின் ஹென்றி டுவைட் சேப்பின் இதனைச் சுட்டிக்காட்டி, குழந்தைகளைக் குடும்பங்களில் வைத்து வளர்க்க வேண்டும் என வாதிட்டார். 1945இல் ரெனே ஸ்பிட்ஸ், பெண்கள் சிறையில் தாயாலேயே வளர்க்கப்பட்ட குழந்தைகளையும், தாதியர் சிலரே பலரைக் கவனித்த அனாதை இல்லக் குழந்தைகளையும் ஒப்பிட்டார். சிறைக் குழந்தைகளே நன்கு வளர்ந்திருந்தனர்.

அன்பின்மை குழந்தையை மெலிவிக்கும் என்னும் இம்முடிவு நிறுவனங்களைக் குற்றம் சாட்டியது. ஆனால் 1950களிலும் 60களிலும் அதே முடிவு வீட்டை நோக்கித் திருப்பப்பட்டது. எடை ஏறாமைக்கு உடல் சார்ந்த காரணம், உடல் சாராத காரணம் என இரண்டே பெட்டிகள் வகுக்கப்பட்டன. குழந்தையை மருத்துவமனையில் சேர்த்துச் சோதனைகளை வரிசையாகச் செய்வர். எதிலும் நோய் தெரியவில்லையெனில் குழந்தை இரண்டாம் பெட்டிக்குள் விழும். மருத்துவமனையில் செவிலியர் ஊட்டி எடை ஏறிவிட்டால், அதுவே தாய்க்கு எதிரான சான்றாகக் கொள்ளப்பட்டது. சோதனை முடிவு ‘இயல்பு’ என வந்தால் மகிழ வேண்டிய தாய், அம்முடிவாலேயே குற்றவாளிக் கூண்டில் ஏறினாள். சோதனைகளின் வரலாற்றில் இதைவிடக் கொடிய முரண் வேறில்லை.

1969இல் விட்டன் முதலானோர் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை அசைத்தது. தாயன்பு இழந்தமையால் வளரவில்லை எனக் கருதப்பட்ட குழந்தைகளை அவர்கள் மருத்துவமனையில், சன்னலற்ற அறையில், கொஞ்சுவாரின்றி வைத்து, போதிய உணவை மட்டும் அளித்தனர். பெரும்பாலான குழந்தைகள் எடை கூடின. குறைந்தது உணவே என்பது விளங்கிற்று. இன்று எந்த அறநெறிக் குழுவும் ஒப்பாத முறையில் பெறப்பட்ட உண்மை அது.

ரொட்டியும் குழாயும்

உடல் சார்ந்த காரணங்களுள் முதலில் தெளிவு பெற்றது சீலியாக் நோய். 1888இல் இலண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ, வெளிறிய, ஏராளமான, நாற்றமுள்ள மலமும் மெலிந்த கைகால்களும் உப்பிய வயிறும் கொண்ட குழந்தைகளை விவரித்து, குணம் உண்டெனில் அது உணவு வழியாகவே என்றார். எந்த உணவு என்பது அவருக்குத் தெரியவில்லை. நாள்தோறும் டச்சுக் கடற்சிப்பி உண்டு தேறிய ஒரு குழந்தையை அவர் குறிப்பிடுகிறார். சிப்பிப் பருவம் முடிந்ததும் நோய் திரும்பிற்று; மறு பருவத்தில் குழந்தை சிப்பியைத் தொட மறுத்துவிட்டது. 1924இல் நியூயார்க்கின் சிட்னி ஹாஸ் வாழைப்பழ உணவைப் பரிந்துரைத்தார். பழம் மருந்து என்றே நம்பப்பட்டது. உண்மையில் பழம் தட்டில் ஏறியபோது ரொட்டி இறங்கியதே பயன் தந்தது.

இதைக் கண்டறிந்தவர் ஹேக் நகரின் யூலியானா குழந்தைகள் மருத்துவமனை மருத்துவர் வில்லெம் காரெல் டிக்கெ. 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ரொட்டி கிட்டாதபோது சீலியாக் குழந்தைகள் தேறினர் என்பதும், ரொட்டி மீண்டதும் நோயும் மீண்டது என்பதும் பலரும் அறிந்த செய்தி. ஆனால் அவருடைய ஐயம் போருக்கு முன்பே தோன்றிவிட்டது. ரொட்டியை நிறுத்தினால் தன் குழந்தைக்கு நலமாகிறது என 1930களில் ஓர் இளந்தாய் கூறியதே அவர் கவனத்தைக் கோதுமையின் பக்கம் ஈர்த்தது என அவர்தம் வரலாற்றை எழுதியோர் பதிவு செய்துள்ளனர். பஞ்சக் கதை பரவிய அளவிற்கு அத்தாயின் கதை பரவவில்லை. அவள் பெயரும் பரவலாகக் கூறப்படுவதில்லை.

டிக்கெயின் 1950ஆம் ஆண்டு ஆய்வேட்டிற்கும் அதையடுத்த ஆய்வுகளுக்கும் துணைநின்றது ஒரு சோதனை. வான் டி காமர் முதலானோர் 1949இல் வெளியிட்ட முறைப்படி மலத்திலுள்ள கொழுப்பு அளக்கப்பட்டது. குழந்தை உண்ட கொழுப்பு எவ்வளவு, கழித்தது எவ்வளவு என்பதைக் கணக்கிட, நாள்கணக்கில் ஒவ்வோர் உணவையும் நிறுத்துக் கொடுத்து, மலம் முழுவதையும் ஒன்றுவிடாமல் சேகரிக்க வேண்டும். கோதுமை கொடுத்தபோது கொழுப்பு உட்கவரப்படாமல் வெளியேறியது; நிறுத்தியபோது கவரப்பட்டது. ஆய்வகத்திற்கு எளிய சோதனை, சேகரித்தவர்க்கு அப்படியன்று.

அடுத்து வந்தது குடலையே எடுத்துப் பார்க்கும் சோதனை. 1956இல் மார்கோ ஷைனர் வாய்வழியாகக் குழாய் செலுத்திச் சிறுகுடலின் சிறுதுண்டை எடுக்கும் முறையை வெளியிட்டார். 1957இல் அமெரிக்க இராணுவ மருத்துவர் கிராஸ்பியும் கூக்லரும், மெல்லிய குழாயின் நுனியில் சுழல்கத்தி பொருந்திய உலோகச் சிமிழை உருவாக்கினர். பட்டினி கிடந்த குழந்தைக்கு மயக்க மருந்து சிறிது அளித்து, சிமிழை விழுங்கச் செய்து, அது குடலை அடைந்ததா என எக்ஸ்ரேயில் பார்த்துக் காத்திருப்பர். உரிய இடத்தை அடைந்ததும் உறிஞ்சி இழுக்க, கத்தி சுழன்று திசுவை நறுக்கும். சில வேளைகளில் சிமிழ் இரைப்பையிலேயே தங்கிவிடும். மணிக்கணக்கில் காத்திருந்தும் துண்டு கிட்டாது. மறுநாள் மீண்டும் பட்டினி.

ஒருமுறையோடு இது முடியவில்லை. ஐரோப்பியக் குழந்தைக் குடல்நோய் வல்லுநர் சங்கம் 1970இல் வெளியிட்ட வரையறையின்படி, நோயை உறுதிசெய்ய மூன்று திசு ஆய்வுகள் வேண்டும்: கோதுமை உண்ணும்போது ஒன்று, நிறுத்தித் தேறியபின் ஒன்று, தேறிய குழந்தைக்கு மீண்டும் கோதுமை ஊட்டிக் குடல் கெட்டதைக் காட்ட மற்றொன்று. நன்றாகத் தேறி விளையாடும் பிள்ளைக்கு நோய் வருவித்துக் காட்டுமாறு பெற்றோரைக் கேட்பதன் கடுமை விளக்க வேண்டாதது. 1990இல் இவ்விதி தளர்த்தப்பட்டது. 1997இல் நோயெதிர்ப்புப் பொருள் தாக்கும் நொதி அடையாளம் காணப்பட்டபின் இரத்தச் சோதனை நம்பகமானதாயிற்று. 2012 நெறிமுறைகளின்படி, அப்பொருளின் அளவு மிக உயர்ந்திருந்து பிற சான்றுகளும் பொருந்தினால் திசு ஆய்வே வேண்டாம். மூன்றிலிருந்து சுழிக்கு வர நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின.

இவ்விடத்தில் வேலூரையும் குறிப்பிட வேண்டும். 1960களில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், மாத்தன் முதலானோர் வெப்பமண்டலக் குடல்நோயை ஆராய்ந்தபோது, நலமாயிருந்த தென்னிந்தியரின் குடலுறிஞ்சிகளே மேலைநாட்டார் நூல்களில் ‘இயல்பு’ என வரைந்திருந்த வடிவிலிருந்து வேறுபட்டிருந்ததைக் கண்டனர். நுண்ணோக்கியின்கீழ்த் தெரிவது நோயா, ஊரின் இயல்பா என்னும் வினா அங்கே எழுந்தது. சோதனையின் விடையைப் படிக்க ஒப்பீட்டு அளவு எங்கிருந்து பெறப்பட்டது என்பது முதன்மையானது.

உப்புக்கரித்த நெற்றி

சீலியாக் எனக் கருதி மருத்துவம் பார்க்கப்பட்டு இறந்த குழந்தைகளுள் சிலருக்கு உண்மையில் வேறொரு நோய் இருந்தது. நியூயார்க் குழந்தைகள் மருத்துவமனையின் நோய்க்குறியியலாளர் டோரதி ஆண்டர்சன், பிணக்கூறாய்வில் கணையம் நார்த்தன்மையுற்றிருப்பதைக் கண்டு, 1938இல் அதனைத் தனி நோயாக விளக்கினார். அதுவே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். கணைய நீர் குடலை அடையாமையால் குழந்தை எவ்வளவு உண்டாலும் எடை ஏறாது, நுரையீரலும் கெடும்.

உயிரோடிருக்கும் குழந்தையில் இதை எவ்வாறு அறிவது? விடை 1948 ஆகஸ்டில் நியூயார்க்கைத் தாக்கிய வெப்ப அலையில் கிடைத்தது. வெயிலில் சோர்ந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்த கைக்குழந்தைகளுள் இந்நோயுற்றோர் மிகுந்திருந்தனர். அங்குப் பணியாற்றிய பால் டி சாந்தாக்னீஸி காரணம் தேடி, 1953இல் அக்குழந்தைகளின் வியர்வையில் உப்பு மிகுந்திருப்பதை நிறுவினார். நெற்றியில் முத்தமிட்டால் உப்புக்கரிக்கும் குழந்தை நெடுநாள் வாழாது என்னும் நம்பிக்கை வட ஐரோப்பிய நாட்டார் வழக்கில் முன்பே இருந்தது. தாயின் உதடு அறிந்ததை ஆய்வகம் அறியப் பல நூற்றாண்டுகள் ஆயின.

தொடக்ககால வியர்வைச் சோதனை ஆபத்தானது. குழந்தையைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வெப்பமான அறையில் வைத்து வியர்க்கச் செய்தனர். உப்பை இழந்து சோர்வதே நோயாக உள்ள குழந்தையை வியர்க்கச் செய்வதன் விளைவு சில வேளைகளில் கடும் காய்ச்சலாகவும், அரிதாக இறப்பாகவும் முடிந்தது. 1959இல் கிப்சனும் குக்கும் வெளியிட்ட முறை இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. முன்னங்கையில் பைலோகார்பின் என்னும் மருந்தை மெல்லிய மின்னோட்டத்தால் ஐந்து நிமிடம் தோலுக்குள் செலுத்தி, அவ்விடத்தில் ஊறும் வியர்வையை அரைமணிநேரம் சேகரித்து, குளோரைடின் அளவைக் காண்பர். லிட்டருக்கு 60 மில்லிமோலுக்கு மேற்பட்டால் நோய் இருக்கக்கூடும்.

அறுபதாண்டுகள் கடந்தும் அடிப்படை முறை மாறவில்லை. ஊசியில்லை, வெட்டில்லை. எனினும் இச்சோதனைக்கு ஓர் இடர் உண்டு. மிகச் சிறிய, மெலிந்த குழந்தையிடம் போதிய வியர்வை சுரப்பதில்லை. மூன்று கிலோவிற்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளில் ‘அளவு போதவில்லை’ என்னும் விடை வருவது பொதுவானது. எடை ஏறாததால் சோதனைக்கு வந்த குழந்தை, எடை ஏறாததாலேயே சோதனைக்குத் தகுதியற்றதாகிறது. பெற்றோர் சில வாரம் காத்திருந்து மீண்டும் வர வேண்டும். நோய் உண்டு என்றோ இல்லை என்றோ கூறாத அந்த இடைவெளி, மருத்துவக் கட்டுரைகளில் ஒரு விழுக்காடாக மட்டுமே பதிவாகிறது.

எத்தனை சோதனைகள்?

சோதனைகள் பெருகப் பெருக, அனைத்தையும் செய்துவிடுவதே முழுமையான மருத்துவம் என்னும் எண்ணம் வளர்ந்தது. 1978இல் இராபர்ட் சில்ஸ் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்கெடுத்தது. எடை ஏறாமைக்காக அமெரிக்க மருத்துவமனையொன்றில் சேர்க்கப்பட்ட 185 குழந்தைகளுக்கு 2,607 சோதனைகள் செய்யப்பட்டிருந்தன. ஒரு குழந்தைக்கு ஏறத்தாழ பதினான்கு. அவற்றுள் நோயறிய உதவியவை 1.4 விழுக்காடு மட்டுமே. உதவிய சோதனைகளும் பெற்றோர் கூறிய வரலாற்றாலும் உடற்பரிசோதனையாலும் ஏற்கெனவே சுட்டப்பட்டவையே. எஞ்சியவற்றிற்காகக் குழந்தையின் குதிகாலிலும் கையிலும் ஊசி குத்தப்பட்டது, பட்டினி போடப்பட்டது. எடை ஏறாத குழந்தையைச் சோதனைக்காகப் பட்டினி போடுவதிலுள்ள முரணைச் சொல்ல எண்கள் வேண்டியதில்லை. இன்றைய குழந்தை மருத்துவ நூல்கள், முதலில் உணவூட்டும் முறையைக் கேட்டறிக, ஊட்டும்போது உடனிருந்து பார்க்க, சோதனைகளைக் குறிப்பறிந்து மட்டும் செய்க என வலியுறுத்துவதற்கு இவ்வாய்வும் ஒரு காரணம்.

வரைகோட்டின் ஊர்

சோதனைகளுக்கெல்லாம் வாயில் வளர்ச்சி வரைபடம். நைஜீரியாவின் இலேஷா ஊரில் பணியாற்றிய டேவிட் மார்லி, தாயே வீட்டில் வைத்துக்கொள்ளும் வளர்ச்சி அட்டையை உருவாக்கினார். எடை எவ்வளவு என்பதைவிட, கோடு மேல்நோக்கிச் செல்கிறதா என்பதே அதில் பார்க்கத்தக்கது. இக்கருத்தைப் பெருமளவில் செயற்படுத்திய இடங்களுள் ஒன்று தமிழ்நாடு. 1980இல் உலக வங்கி உதவியுடன் மதுரை மாவட்டக் கோட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், 6 முதல் 36 மாதம் வரையான குழந்தைகள் மாதந்தோறும் நிறுக்கப்பட்டனர். எடை தடைப்பட்ட குழந்தைக்கு மட்டும் குறைந்தது 90 நாள் கூடுதல் உணவு; தேறியதும் நிறுத்தம். இங்குத் தராசின் முள் சோதனையை நோக்கி அன்று, சத்துருண்டையை நோக்கி வழிகாட்டியது. எடை தடைப்பட்டால் முதலில் உணவு, பின்னரே காரணம் தேடல் என்னும் வரிசை பாரிசிலோ நியூயார்க்கிலோ இருந்ததினும் அறிவார்ந்தது எனலாம். ஆயினும் எடை ஏறிய குழந்தையின் தாய், உருண்டை நின்றுபோனதை நற்செய்தியாக ஏற்றிருப்பாளா என்பது வேறு வினா.

உலகெங்கும் ஒப்பீட்டுக்குப் பயன்பட்ட கோடு எந்த ஊருடையது? 1977இல் அமெரிக்கா வெளியிட்டு, பின்னர் உலக நலவாழ்வு நிறுவனம் ஏற்றுக்கொண்ட வரைபடத்தில், முதல் இரண்டாண்டுகளுக்கான அளவுகள் ஒஹாயோ மாநிலத்தின் ஒரு பகுதியில் வாழ்ந்த குடும்பங்களின் குழந்தைகளிடமிருந்து பெறப்பட்டவை. அவர்களுள் பெரும்பாலோர் புட்டிப்பால் குடித்தோர். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை முதல் மாதங்களில் விரைந்து கூடி, பின்னர் மெதுவாகவே கூடும். புட்டிப்பால் கோட்டின்மேல் வைத்தால் அது மூன்று நான்கு மாதங்களுக்குப்பின் சரிவதுபோல் தோன்றும். நலமான குழந்தைகளின் தாய்மார் பலர் இத்தோற்றத்தால் கலங்கினர், புட்டிப்பால் தொடங்கினர், சிலர் சோதனைக்கூடம் வரை சென்றனர். பிழை குழந்தையிடமும் இல்லை, தாயிடமும் இல்லை.

1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஏறத்தாழ 8,500 குழந்தைகளை அளந்து, உலக நலவாழ்வு நிறுவனம் 2006இல் புதிய அளவுகோலை வெளியிட்டது. இந்தியாவின் அளவுகள் தெற்கு தில்லியில் எடுக்கப்பட்டன. தாய்ப்பால் குடித்த குழந்தையே இதன் இலக்கணம். புதிய கோட்டின்படி, ஆறு மாதத்திற்கு மேற்பட்ட குழந்தைகளில் எடை குறைந்தோர் எனக் கணிக்கப்படுவோரின் தொகை குறைந்தது. ஆறு மாதத்திற்கு உட்பட்டோரில் அத்தொகை கூடியது. ஏனெனில் முதல் மாதங்களில் தாய்ப்பால் குழந்தைகள் பழைய கோட்டைவிட வேகமாக எடை கூடுகின்றன. எட்டாம் மாதக் குழந்தையின் தாய்க்கு ஆறுதல் தந்த அதே வரைபடம், மூன்றாம் மாதக் குழந்தையோடு வரிசையில் நிற்கும் தாயிடம் ‘அடுத்த வாரம் மறுபடி கொண்டு வாருங்கள்’ எனக் கூறச் செய்கிறது.